சீதன வீடு சோறு போடுமா? மட்டக்களப்பில் ஒரு தாபரிப்பு ஏற்பாடு

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்து, வீட்டிலிருந்தே தையல் வேலை செய்யும் பெண். வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்த மேசன். 2010இல் பதிவுத் திருமணம் செய்தவர்கள். 2012இல் மகள், 2019இல் மகன். மகனுக்கு இழுப்பு நோய் (ஆஸ்துமா) உண்டு. 2022 ஆகஸ்டில் இருவரும் பிரிந்தார்கள். குடும்ப ஆலோசனை வேலையில் இருக்கும் எனக்கு இவர்களின் விடயம் வந்துசேர்ந்தது 2023இன் நடுப்பகுதியில். ஆளை இனங்காட்டக்கூடிய விபரங்களை மாற்றிவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிரிவுக்கான காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. தாபரிப்பு, அதாவது பிள்ளைகளின் பராமரிப்புக்கான பணம், பற்றிய பேச்சில் முதலில் வெளியே வைக்க வேண்டியது அதுதான். யார் பிழை என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிள்ளைக்குப் பணம் என்றால், அந்தத் தீர்ப்பு வருவதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும். இந்தக் குடும்பத்தில் ஏறக்குறைய ஒரு வருடம் அப்படித்தான் போனது.

கோயில் முன்றலில் பேசிய ஐயாயிரம்

பிரிந்த சில வாரங்களிலேயே ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். பெண்ணின் அண்ணன், ஆணின் தாய்மாமன், கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் வண்ணக்கர், இன்னும் இரண்டு மூன்று பேர். அந்த அக்கறையை நான் குறைத்து மதிக்கவில்லை. எங்கள் ஊர்களில் பொலிஸுக்கும் நீதிமன்றத்துக்கும் முன்னால் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பவர்கள் அவர்கள்தான். ஆனால், அன்று பேசி முடித்த தொகை மாதம் 5,000 ரூபாய். இந்த 5,000 எப்படி வந்தது என்று பின்னர் ஒவ்வொருவரிடமும் விசாரித்தேன். தந்தை 3,000 என்றார், அண்ணன் 10,000 கேட்டார், வண்ணக்கர் நடுவில் ஒரு தொகையைச் சொல்லி முடித்துவைத்தார். பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள், மகனின் இழுப்பு மருந்துக்கு என்ன செலவாகிறது என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்கவில்லை. தாயும் சொல்லவில்லை. ஆண்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் மதில் ஓரமாக நின்றிருந்தார்.

காலமும் கொடிய காலம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். சீமெந்து விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்றுபோயிருந்தன. மேசன்மார் பலர் கூலிக்கு வயல் வேலை தேடிய மாதங்கள் அவை. அந்த நேரத்தில் பேசிய 5,000 ரூபாய் பேசிய நாளிலேயே சிறுத்துத்தான் இருந்தது.

பணம் எந்தத் திகதியில், யார் கையால் வர வேண்டும் என்றும் எழுதவில்லை. தந்தை தன் தங்கையிடம் கொடுப்பார், தங்கை சந்தைக்குப் போகும்போது அண்ணியிடம் கொடுப்பார். 2023 ஜனவரி வரை அப்படி நடந்தது. அதன்பின் நாத்தனாருக்கும் அண்ணிக்கும் இடையே வாக்குவாதம் வந்து பணம் கைமாறுவது நின்றது. மார்ச்சில் பெரும்போக (மழைக்கால நெற்செய்கை) அறுவடை முடிந்ததும் ஒரு மூடை நெல் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. தாய் பொலிஸ் நிலையம் ஒன்றுக்குப் போனார். குடும்பப் பிரச்சினை, வீட்டில் பேசித் தீருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வீடு என்னும் வாதம்

தந்தையைச் சந்தித்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை பணத்தைப் பற்றியது அல்ல. "மிஸ், என்னுடைய காசு முழுவதும் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது" என்றார்.

மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழர் வழக்கத்தை அறியாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகும். கல்யாணமானதும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணின் தாயும் தகப்பனும் பக்கத்து வளவுக்கோ, பின்னால் போட்ட சிறு வீட்டுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். ஆகவே பிரிவு என்று வந்தால் உடுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறுவது ஆண்தான். மற்ற இடங்களில் பெண் பிள்ளைகளோடு தெருவில் நிற்கும் நிலை வரும். எங்கள் பெண்களுக்கு அந்தக் கொடுமை பெரும்பாலும் இல்லை. பெருமைப்பட வேண்டிய வழக்கம் அது. ஆனால் அந்த வழக்கமே தாபரிப்புப் பேச்சில் பெண்ணுக்கு எதிராகத் திரும்புவதைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். "அவளுக்கு வீடு இருக்கிறது, தாய் தகப்பன் பக்கத்தில் இருக்கிறார்கள், சாப்பாட்டுக்கு என்ன குறை?" என்பார்கள். வாடகை இல்லை என்பது உண்மை. அரிசியும் பாலும் மருந்தும் கூரையிலிருந்து விழுவதில்லை.

இந்தத் தந்தையின் மனக்குறை அதைவிட ஆழமானது. 2013 முதல் 2017 வரை கட்டாரில் கட்டட வேலை செய்தவர். சீதனமாகக் கிடைத்த இரண்டு அறை வீட்டுக்கு முன்மண்டபம் போட்டு, தரைக்கு மாபிள் பதித்து, குளியலறை கட்டி, கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர் அவர்தான். வீட்டின் உறுதிப்பத்திரம் மனைவியின் பெயரில். இன்று அவர் தன் தாய் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுப் படுக்கிறார். அவர் தாய் வீடும் ஒருநாள் தங்கைக்குச் சீதனமாகப் போகும். பாலைவன வெயிலில் உழைத்த நான்கு வருடம் தனக்கென்று ஒரு சுவரைக்கூட மிச்சம் வைக்கவில்லை என்று அவர் சொன்னபோது நான் வாதாடவில்லை. அது நியாயமான துயரம். இந்தக் கரையோரம் முழுக்க வெளிநாட்டுப் பணத்தால் சீதன வீட்டைப் பெருப்பித்த ஆண்கள் இருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் கணக்கு கணவனுக்கும் மனைவிக்கும் இடையிலானது. அதில் அவருக்கு உரிமை உண்டு என்று கருதினால், சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசித்து மாவட்ட நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும். மனைவியிடமிருந்து வர வேண்டியது என்று அவர் நினைக்கும் கடனை மகனின் மருந்துப் பணத்தில் கழிக்க முடியாது. மகன் அவரிடம் கடன் வாங்கவில்லை. இதை அவர் ஏற்றுக்கொள்ளச் சில மாதங்கள் எடுத்தன. வீட்டுக்குப் போட்ட செலவை ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டு இருப்பவற்றை இணைத்து, தனிக் கோவையில் வையுங்கள் என்று சொன்னேன். எழுதிவைத்தார். தன் குறையை ஒருவர் காதுகொடுத்துக் கேட்டார், அது தாளிலும் ஏறிவிட்டது என்ற பிறகுதான் அவர் பிள்ளைகளின் செலவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். பேச்சுவார்த்தை நகர்ந்ததற்கு இதுவே பெரிய காரணம் என்று நம்புகிறேன்.

பிள்ளைகளின் கொப்பி

தாயிடம் ஒரு சி.ஆர். கொப்பியைக் கொடுத்து, இரண்டு மாதங்களுக்குப் பிள்ளைகளின் செலவை நாளாந்தம் எழுதச் சொன்னேன். அவர் எழுதி வந்ததில் வாராந்த நுண்கடன் தவணையும் இருந்தது. அந்தக் கடன் குடும்பம் ஒன்றாக இருந்தபோது வாங்கியது, அவர் கழுத்தை நெரிப்பதும் உண்மைதான். ஆனாலும் அதை வெட்டினோம். "அக்கா, இதையும் நான்தானே கட்டுகிறேன்" என்று அழுதார். பிள்ளைகளின் கணக்கில் பிள்ளைகளுக்குரியது மட்டுமே நின்றால்தான் மற்றப் பக்கத்தால் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஒரு பொருத்தமற்ற வரி முழுக் கொப்பியையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

கடைசியில் இரு பிள்ளைகளுக்கும் மாதச் செலவு இப்படி நின்றது. அரிசி 4,500. மீன், முட்டை, மரக்கறி, தேங்காய் எல்லாம் சேர்த்து 9,000. பால்மா 3,200. மகளின் பஸ் செலவும் இருவரின் இடைவேளைச் சாப்பாடும் 3,500. பிரத்தியேக வகுப்பு 3,000. அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இல்லாத நாட்களில் வெளியே வாங்கும் இழுப்பு மருந்தும் போய்வரும் செலவும் 2,500. மின்சாரம், தண்ணீரில் பிள்ளைகளின் பங்கு 1,800. உடுப்பும் சப்பாத்தும் வருடத்துக்கு 24,000, மாதத்துக்கு 2,000. பள்ளிக்கூடத் தொடக்கத்தில் வரும் கொப்பி, பை, வசதிக் கட்டணம் வருடத்துக்கு 18,000, மாதத்துக்கு 1,500. கூட்டினால் 31,000.

கடைசி இரண்டு வரிகளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வரும் செலவை மாதக் கணக்கில் சேர்க்காவிட்டால், பள்ளிக்கூடம் தொடங்கும்போது தாய் நகையை அடகு வைப்பார், அல்லது மீண்டும் சண்டை தொடங்கும்.

31,000 என்றதும் தந்தை கொப்பியைத் தூக்கிப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தானே எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பால்மா விலையில் மட்டும் சந்தேகம் கேட்டார். கடைச் சிட்டை இருந்தது. ஆலோசனை மேசையில் தொகையைப் பேசி இறக்குவது எளிது, ஒரு நேரச் சாப்பாட்டை வெட்டச் சொல்வது எந்தத் தகப்பனுக்கும் கடினம்.

அவர் எவ்வளவு உழைக்கிறார்?

சம்பளச் சிட்டை இல்லாத மேசனின் வருமானத்தை எப்படிக் காட்டுவது? எதிர்மனுதாரர் நாளாந்தக் கூலியாள், நிலையான வருமானம் இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டால் வழக்குச் சுருங்கிப்போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஊரில் மேசனுக்கு நாட்கூலி அப்போது 3,500. மழையில்லாத மாதங்களில் சராசரியாக 16 நாள் வேலை கிடைத்ததை அவர் வேலை செய்த ஒப்பந்தக்காரரின் குறிப்புப் புத்தகம் காட்டியது. அதாவது 56,000. நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழை. எட்டு நாள் கிடைத்தாலே அதிகம், 28,000. வருடத்தைக் கூட்டி 12ஆல் பிரித்தால் மாதம் 49,000. குத்தகைக்கு எடுத்துச் செய்யும் இரண்டு ஏக்கர் வயலின் இலாபத்தை இதில் சேர்க்கவில்லை. அதை எதற்கு வைத்துக்கொண்டோம் என்பது பின்னால் வரும்.

இன்னொரு சான்றும் இருந்தது. அவரது மோட்டார் சைக்கிளுக்கு லீசிங் தவணை மாதம் 14,500. ஒரு மாதமும் பிந்தவில்லை. பிந்தினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். தொகை எழுத்தில் இருந்தது, திகதி இருந்தது, தவறினால் என்ன நடக்கும் என்பதும் தெரிந்திருந்தது. அதனால் கட்டினார். பிள்ளைகளின் 5,000 ரூபாய்க்கு இந்த மூன்றும் இருக்கவில்லை. அவரைக் கெட்ட தகப்பன் என்று திட்டுவதைவிட, அவர் ஒழுங்காகக் கட்டும் பணம் எப்படி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது பயன் தந்தது.

தாயின் தையல் வருமானம் மாதம் ஏறத்தாழ 20,000. இருவரின் வருமானம் 69,000. அதில் தந்தையின் பங்கு 71 சதவீதம். 31,000இல் 71 சதவீதம் என்றால் 22,000 சொச்சம். தந்தை 22,000, தாய் 9,000. இப்படித்தான் பிரிக்க வேண்டும் என்று சட்டத்தில் வாய்பாடு எதுவும் இல்லை. பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவையையும் கருதித் தொகையைத் தீர்மானிப்பது நீதவானின் பொறுப்பு. ஆனால் இரு தரப்புக்கும் விளங்கக்கூடிய கணக்கோடு போனால் வழக்கு இழுபடாது. தாயின் பங்கு 9,000தானே என்று யாரும் எண்ண வேண்டாம். இரவில் மகனுக்கு மூச்சு முட்டும்போது விழித்திருப்பவர் அவர். அந்த இரவுகளால்தான் தையல் வருமானம் 20,000இல் நிற்கிறது.

நீதிமன்றத்தில்

தாய் வழக்குப் போட அஞ்சியதற்கு ஒரே காரணம், தாபரிப்பு வழக்குப் போட்டால் விவாகரத்து ஆகிவிடும் என்று அவரது மாமி சொல்லிவைத்திருந்தது. இது தவறு. விவாகரத்து மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. தாபரிப்பு நீதவான் நீதிமன்றத்துக்குரியது. ஒன்று இல்லாமல் மற்றது நடக்கலாம். திருமணமே நடக்காமல் பிறந்த பிள்ளைக்கும் உரிமை உண்டு, தகப்பன் யார் என்பதைத் தக்க சான்றுகளால் நிறுவ வேண்டும், அவ்வளவுதான்.

நடைமுறையில் இருப்பது 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம். 1889இலிருந்து இருந்த பழைய கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது. போதிய வசதியிருந்தும் பிள்ளையைப் பராமரிக்கத் தவறும் பெற்றோர், தாயானாலும் தந்தையானாலும், மாதாந்தம் பணம் செலுத்த வேண்டும் என்று நீதவான் கட்டளையிடலாம். 18 வயதோடு எல்லாம் முடிந்தது என்று தந்தை எண்ணியிருந்தார். தன்னைத் தானே பராமரிக்க இயலாத வளர்ந்த பிள்ளை 25 வயதுக்குள் கேட்க வழியுண்டு. மகள் ஒருநாள் வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பல்கலைக்கழகம் போனாலும் தகப்பனின் கடமை அற்றுப்போகாது என்று சொன்னபோது அவர் முகம் மாறியது. கோபம் என்று நினைத்தேன். "அவள் படிப்பாள் மிஸ்" என்றார்.

சட்ட உதவி ஆணைக்குழு சட்டத்தரணி ஒருவரின் உதவியோடு 2023 ஒக்டோபரில் சத்தியக்கடதாசியுடன் மனுத் தாக்கல் செய்யப்பட்டது. பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, செலவுக் கொப்பியின் சுருக்கம், மருத்துவக் குறிப்புகள், லீசிங் தவணை பற்றிய விபரம், இவை கூடவே போயின. டிசம்பரில் மாதம் 10,000 என்று இடைக்காலக் கட்டளை கிடைத்தது. இறுதிக் கட்டளை வரும்வரை பிள்ளை பட்டினி கிடக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் இடைக்காலக் கட்டளை இருக்கிறது. அதைக் கேட்காமலேயே மாதக்கணக்கில் வழக்குத் தவணைக்கு அலையும் தாய்மார் இருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் வேதனை.

இதே குடும்பம் காத்தான்குடியிலோ சாய்ந்தமருதிலோ வாழும் முஸ்லிம் தம்பதியாக இருந்திருந்தால் பாதை வேறு. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ், முஸ்லிம் குடும்ப வழக்குகளைக் கேட்கும் காதி நீதிமன்றத்தில் கேட்க வேண்டும். அங்கே சட்டத்தரணிகள் ஆஜராக முடியாது. ஆகவே கணக்கைத் தாயே எடுத்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், கொப்பி இன்னும் அவசியமாகும். காதியார் விதித்த தொகை வராவிட்டால் அறவிடும் வேலை நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும்.

2024 மார்ச்சில் இரு தரப்பும் இணங்கிய நிபந்தனைகளோடு கட்டளை பதியப்பட்டது. மாதம் 22,000. தாபரிப்பு சாதாரணமாக மனுத் தாக்கல் செய்த நாளிலிருந்தே செலுத்தப்பட வேண்டியது என்பதால் இடைப்பட்ட மாதங்களின் நிலுவையும் பேசப்பட்டது. 60,000 என்று முடிந்தது. ஏப்ரல் முதல் மாதம் 5,000 வீதம், மழை மாதம் மூன்றும் நீங்கலாக, 12 தவணை.

பணம் எந்த வழியால் வர வேண்டும் என்பதில் அதிக நேரம் செலவிட்டோம். அரசாங்க உத்தியோகத்தராக இருந்தால் சம்பளத்திலிருந்தே கழித்து அனுப்பச் செய்யலாம். மேசனுக்கு அது இல்லை. நீதிமன்றத்தில் கட்டி நீதிமன்றத்தில் எடுப்பது பலர் செய்வது. ஆனால் அவருக்கு ஒரு நாட்கூலி போகும், தாய்க்கு ஒரு நாள் தையல் போகும், படியில் சந்தித்தால் சண்டையும் வரும். ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதிக்குள் தாயின் வங்கிக் கணக்கில் வைப்பிடுவது, சிட்டையைத் தந்தை வைத்துக்கொள்வது என்று ஒப்புக்கொண்டார்கள். நெல் மூடை, உடுப்பு, விளையாட்டுச் சாமான் எல்லாம் அன்பளிப்பு, கணக்கில் சேராது என்பதையும் எழுதிக்கொண்டோம். இந்த ஒரு வரி எத்தனையோ வாக்குவாதங்களைத் தடுத்திருக்கிறது.

கட்டளையை மீறிப் பணம் கட்டாவிட்டால் பிடியாணை வரலாம், செலுத்தாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். அது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டளைக்கு மதிப்பில்லை. ஆனாலும் சிறையிலிருக்கும் மேசனால் சுவர் கட்ட முடியாது, அந்த மாதம் பிள்ளைக்கு ஒன்றும் வராது. அந்த இடம்வரை போகாதபடி ஏற்பாட்டைச் செய்வதே எங்கள் வேலை.

மழை மாதங்கள்

அதற்காகத்தான் பருவத்தைக் கணக்கில் எடுத்தோம். மாதம் 28,000 உழைக்கும் மழைக்காலத்தில் 22,000 கட்டு என்றால் நவம்பரிலேயே தவறுவார். ஒருமுறை தவறியவர் இரண்டாம் முறை எளிதாகத் தவறுவார். ஆகவே நவம்பர், டிசம்பர், ஜனவரி மாதங்களில் 14,000 செலுத்தலாம், குறையும் 24,000 ரூபாயைப் பெரும்போக அறுவடை விற்றதும் மார்ச் 31க்குள் ஒரே தடவையில் கட்ட வேண்டும் என்று எழுதினோம். வயல் இலாபத்தை ஒதுக்கி வைத்தது இதற்குத்தான். வருடத்தில் பிள்ளைகளுக்கு வர வேண்டிய 264,000இல் ஒரு ரூபாயும் குறையவில்லை, வரும் காலம் மட்டும் உழைக்கும் காலத்தோடு இணைந்தது. மீன்பிடிக்கும் குடும்பங்களுக்கும் இதேபோல் கடல் கொந்தளிக்கும் மாதங்களைப் பார்த்து எழுத வேண்டும். கொழும்பு அலுவலகச் சம்பளக்காரனுக்குப் பொருந்தும் கட்டளையை வாகரை மீனவருக்கு அப்படியே மாட்டுவது நியாயமில்லை.

பிள்ளைகளைப் பார்க்கும் விடயத்திலும் இழுபறி இருந்தது. காசு தந்தால்தான் காட்டுவேன் என்றார் தாய், காட்டினால்தான் காசு என்றார் தந்தை. இரண்டும் பிழை, இரண்டையும் இருவரிடமும் ஒரே குரலில் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் மாலை வரை, தாயின் தாய் வீட்டு வளவில் என்று ஆரம்பித்து, இப்போது மகன் தகப்பனோடு படுவான்கரைக்கே போய் வருகிறான்.

சடங்கு

2024 ஆகஸ்டில் மகள் பெரியவளானாள். தந்தை தரப்பு துள்ளி எழுந்தது. மண்டபம், புகைப்படக்காரர், பட்டுச் சேலை, சங்கிலி எனத் திட்டம் 300,000ஐத் தொட்டது. தந்தை மூன்று மாதத் தாபரிப்பை இதில் கழிக்கலாமா என்று கேட்டார். தாயும் கொஞ்சம் தளர்ந்தார், மகளுக்கு ஊர் முன்னால் குறை வரக்கூடாது என்று அவருக்கும் ஆசை.

நான் உறுதியாக மறுத்தேன். மகளின் சடங்கில் தகப்பன் முன்னால் நிற்க விரும்புவது நல்ல மனம். பிரிந்த பிறகும் தான் தகப்பன்தான் என்று ஊருக்குக் காட்ட அவருக்கு வேறு மேடை இல்லை. ஆனால் ஒரு நாள் விருந்துக்காகத் தம்பியின் மூன்று மாத மருந்தைக் கழிக்க எந்த உரிமையும் அவருக்கு இல்லை. சடங்கை வீட்டிலேயே சிறிதாகச் செய்தார்கள். அந்த மாதம் 10ஆம் திகதி 27,000 கணக்கில் விழுந்தது. மகளிடம் கேட்டபோது, மண்டபம் இல்லாததைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை, அப்பாவும் அம்மாவும் ஒரே இடத்தில் சண்டை போடாமல் நின்றதைச் சொன்னாள்.

வெள்ளம்

2024 நவம்பர் இறுதியில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் விதைத்து வளர்ந்து கொண்டிருந்த வயலை அள்ளிக்கொண்டு போனது. மார்ச் 31க்குள் கட்ட வேண்டிய 24,000இன் அடிப்படையே போய்விட்டது. இங்கே அவர் செய்ததை எல்லாத் தந்தையரும் அறிய வேண்டும். தவணை தவறும்வரை ஒளிந்து திரியவில்லை. பெப்ரவரியிலேயே வந்து சொன்னார். கமநல சேவை நிலையத்தில் கொடுத்த பயிரழிவு விபரத்தின் பிரதியோடு, அவரே நீதிமன்றத்தில் நிபந்தனையை மாற்றக் கோரினார். நிலைமை மாறினால் கட்டளையை மாற்றச் சட்டத்தில் இடமிருக்கிறது. தாய் எதிர்க்கவில்லை, தொகையைக் குறைக்க மட்டும் ஒப்பவில்லை. நிலுவைத் தவணைகள் 2025 ஜூனில் முடிந்ததும், ஜூலை முதல் ஒக்டோபர் வரை மாதம் 6,000 வீதம் அந்த 24,000ஐக் கட்டுவது என்று மாற்றப்பட்டது. கட்டி முடித்தார்.

முடியாது என்று முன்கூட்டியே சொல்லும் தகப்பனுக்கு நீதிமன்றமும் தாயும் இடம் கொடுக்கிறார்கள். பிடியாணை வந்த பிறகு அதே காரணத்தைச் சொன்னால், உண்மையாகவே இருந்தாலும், சாக்காகவே கேட்கும்.

இப்போது

வீட்டுக்குப் போட்ட பணம் தீரவில்லை. தந்தையின் கோவை அவரிடம் இருக்கிறது. வழக்குப் போடுவதா, அல்லது வீட்டை மகள் பெயருக்கு எழுதுவதாகத் தாய் உறுதி தந்தால் விட்டுவிடுவதா என்று அவர் தீர்மானிக்கவில்லை. எனக்கு இரண்டாவது வழி நல்லதாகப் படுகிறது. ஆனால் மகனுக்கு அதில் என்ன என்று அவர் கேட்கும் கேள்விக்கு நான் இன்னும் நல்ல பதில் சொல்லவில்லை.

கட்டாருக்கு மீண்டும் போகலாமா என்றும் அவர் யோசிக்கிறார். போவதானால் புறப்படும் முன் வங்கியில் நிலையான கட்டளை ஒன்று கொடுத்து, அவர் கணக்குக்கு வரும் பணத்திலிருந்து 10ஆம் திகதி தாயின் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கடல் கடந்த முதலாளியின் கையிலிருந்து இங்குள்ள கட்டளையால் சம்பளத்தைப் பிடித்தெடுப்பது மிகவும் கடினம். விமானம் ஏறிய பிறகு இதைப் பேசிப் பயனில்லை. தாயும் அவரது கடவுச்சீட்டு இலக்கத்தையும் முகவரின் விபரத்தையும் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

கொப்பியைத் திரும்ப எழுதும் நேரமும் வந்துவிட்டது. மகன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், மகளுக்குச் சாதாரண தரத்துக்கான வகுப்புகள் வரப்போகின்றன. பால்மாச் செலவு குறைந்திருக்கிறது, வகுப்புச் செலவு கூடியிருக்கிறது. மேசன் கூலியும் தையல் கூலியும் ஏறியிருக்கின்றன. புதிய கணக்கில் தந்தையின் பங்கு என்ன வருகிறதோ அதை இருவரும் பார்த்த பிறகு, இணக்கத்தோடு கட்டளையைத் திருத்தக் கேட்பதாக இருக்கிறோம். இந்த முறை ஒரு கொப்பியைத் தாய் எழுதுகிறார், ஞாயிற்றுக்கிழமைச் செலவுகளையும் இழுப்புக்கு அவசரமாக வாங்கிய மருந்தையும் தந்தை இன்னொரு கொப்பியில் எழுதுகிறார்.